இரண்டு முகத்து எஞ்சின்

என் மனைவி தவமணி ஒருமுறை சபையில் எழுந்து நின்று, "என்ரை மனிசன் சொல்லுறதிலை பாதி பொய்" என்று சாட்சி சொன்னாள். எந்தப் பாதி என்று பாஸ்டர் கேட்டார். அதைக் காட்டித்தரச் சொல்லித்தான் கலியாணம் முடித்த நாள் தொட்டு ஜெபிக்கிறேன் என்றாள். சபை முழுவதும் அல்லேலூயா என்றது. பின்வரிசையில் இருந்து நானும் சொன்னேன்.

அவள் சொன்னது அநியாயம். நான் ஹோர்சன்ஸ் என்ற டெனிஷ் ஊரில் பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில் ஒரு பன்றி என்னோடு தமிழில் கதைத்தது. அதை நான் கண்ணால் கண்டேன், காதால் கேட்டேன். கத்தி மொட்டையாக இருக்கிறது, கொஞ்சம் தீட்டினால் நல்லது என்று மரியாதையாகச் சொன்னது. எங்களை மேய்க்கிற போர்மனிடம் சொன்னேன். அவர் பேசாமல் கத்தியை மாற்றினார். போர்மனே நம்பியதைத் தவமணி நம்பவில்லை.

முழுதாக நம்பியவன் ஒருவன்தான். எங்களுக்குக் கீழ்மாடியில் இருந்த சீவரத்தினம். மனைவியை இழந்தவன். ஒரே மகள் றஜனி வன்னியில் கலியாணம் முடித்து அங்கேயே இருந்துவிட்டாள். பன்றி பிறகு என்ன சொன்னது என்று கேட்ட ஒரே மனிதன் அவன்தான். அதற்காகவே அவனை எனக்குப் பிடிக்கும்.

பென்சன் எடுத்தபிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் இருந்து தப்ப எனக்கு ஒரு தொழில் தேவைப்பட்டது. பழைய சாமான் சந்தையில் ஒரு கமரா வாங்கினேன். பிலிம் போடுகிற கமரா. விற்ற கிழவி அதனால் ராசாவையே படம் எடுத்ததாகச் சொன்னாள். என்னைவிடப் பெரிய பொய்க்காரி என்பதால் விலை பேசவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு பிரடெரிசியாவுக்குப் போவேன். ஜட்லண்டில் உள்ள தண்டவாளமெல்லாம் அங்கே வந்து ஒன்றையொன்று விசாரித்துவிட்டுத்தான் பிரிந்து போகும். அவ்வளவு பெரிய சந்தி.

பிளாட்போமின் நுனியில் மடக்குக் கதிரை போட்டு, பிளாஸ்கில் கோப்பியோடு இருப்பவர் ப்ரெபன் என்ற டெனிஷ் கிழவர். சின்ன வயதிலிருந்தே றெயில் படம் எடுப்பவர். அவர்தான் எனக்கு அந்த எஞ்சினைக் காட்டினார். அமெரிக்கக்காரன் படம் கீறிய எஞ்சின், சுவீடனில் அடித்துப் பூட்டியது, ஐம்பதுகளில் இந்த நாட்டுக்கு வந்தது. முன்னுக்கு உருண்ட பெரிய மூக்கு, அதற்கு மேல் இரண்டு கண்ணாடி. அமெரிக்காவில் அதற்கு ஒரு முகம்தானாம். இங்கே திருப்பிவிடுகிற வேலை மிச்சம் என்று பின்னுக்கும் அதே மூக்கு, அதே கண். ஒருகாலம் கோட்டும் தொப்பியும் போட்ட பயணிகளைக் கோபன்ஹேகனுக்கு இழுத்தது. பிறகு அரசாங்கம் கழித்துவிட, சின்னக் கம்பெனிகள் வாங்கிச் சரக்குப் பெட்டி இழுக்கவிட்டிருந்தார்கள். நினைத்த நாளில் வரும், நினைத்த நாளில் வராது.

இது பொய்யில்லை. பிரடெரிசியாவில் யாரையும் கேட்கலாம்.

இரண்டாயிரத்து ஒன்பது மாசியில் ஒரு மத்தியானம், சீவரத்தினம் சுடுசட்டியைத் தூக்கி வருவதுபோல் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்தான். வன்னிக் கடற்கரையில் யாரோ ஒருவரிடம் ஒரு சட்டலைட் போன் இருந்தது. சனம் வரிசையில் நின்று அதில் உறவுகளுக்கு உயிரோடு இருப்பதைச் சொன்னார்கள். றஜனி சொல்லிமுடித்துவிட்டாள். "இருக்கிறம் அப்பா. கலியாணச் சீலையையும் தைச்சு மண்மூட்டை ஆக்கியாச்சு" என்றிருக்கிறாள். அவளுடைய புருசன் அதற்கு முந்தின மாதமே செல்லடியில் போய்விட்டான். மிச்ச நேரத்தை மகளிடம் கொடுத்திருந்தாள். பேத்தியோடு கதைக்காமல் சீவரத்தினம் போனை என் பக்கம் நீட்டினான்.

"நீங்கள் கதையுங்கோ அண்ணை. நான் அழுதால் பிள்ளை பயந்துபோடும்."

போனை வாங்கினேன்.

"ஆர் கதைக்கிறது?" என்றது ஒரு குரல். புகழினி. ஏழு வயது.

"நான் அம்மப்பான்ரை கூட்டாளி, மோளை. றெயில் அப்பு."

"றெயில் எண்டால்?"

அவள் பிறக்கும் முன்பே அந்தப் பக்கம் றெயில் நின்றுவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"தண்டவாளத்திலை ஓடுற நீட்டு வண்டி."

"தண்டவாளம் தெரியும். பங்கருக்கு மேலை போடுறது."

"ஓம். அதுதான்." பதுங்குகுழிகளுக்குக் கூரையாக அங்கே தண்டவாளங்களைக் கழற்றிப் போட்டிருந்தார்கள்.

"அதுக்கு மேலையோ ஓடும்? உள்ளுக்கை இருக்கிறாக்களுக்கு மண் கொட்டாதோ?"

எனக்குப் பதில் இல்லாத கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. தவமணி வாசலில் நின்று என் வாயையே பார்த்தாள். அவசரத்தில் பொய் ஒன்றும் அகப்படவில்லை. உண்மைதான் கைக்கு வந்தது. இங்கே ஒரு எஞ்சின் இருக்கிறது, அதற்கு முன்னுக்கும் முகம், பின்னுக்கும் முகம் என்றேன்.

"பொய்."

"சத்தியமா மோளை."

"அப்ப அது எந்தப் பக்கம் போகும்?"

"ரெண்டு பக்கமும்."

"ஒரே நேரத்திலையோ?"

"சீச்சீ. ஒரு நேரம் ஒரு பக்கம்."

"அப்ப மற்ற முகம் என்ன செய்யும்?"

"பின்னுக்கு என்ன வருதெண்டு பாத்துக்கொண்டு போகும்."

அவளுக்குப் பின்னால் கடல் இரைந்தது.

"கிபிர் வருதோ எண்டோ?" என்றாள். குண்டுபோடும் விமானத்துக்கு அங்கே அதுதான் பெயர்.

"ஓம். அதுவும் பாக்கும்."

"படம் காட்டுங்கோ. ரெண்டு முகமும் தெரியவேணும். அப்பதான் நம்புவன்."

லைன் அறுந்தது. சீவரத்தினம் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான்.

"அண்ணை, மெய்யா அப்பிடி ஒரு எஞ்சின் இருக்கோ?"

"நான் எப்ப பொய் சொன்னனான்?"

"அந்தப் பண்டி…"

"அது வேறை."

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் ஹேர்னிங்கில் உள்ள கோயிலுக்குப் போய்ப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்துவிட்டு வந்தான். பிள்ளை உயிரோடு வெளியே வந்தால், அந்த எஞ்சினின் படத்தைப் பெரிதாகக் கழுவி, சட்டம் போட்டு, சன்னிதியில் வைத்து, தேங்காய் உடைத்து, பிறகு அவள் கையில் கொடுப்பதாக. தவமணிக்கு மூச்சு நின்றுவிட்டது.

"எஞ்சினுக்கு நேர்த்தியோ?"

"எஞ்சினுக்கில்லை அக்கா. பிள்ளையாருக்கு. படம்தான் எஞ்சின்."

"அவர் ஒரு யானை, நீ அவருக்கு ஒரு றெயில். கர்த்தரே!"

ஆனால் ஞாயிறு விடிய அவள் றொட்டியும் சம்பலும் கட்டித் தந்தாள். இரண்டு பேருக்கு. அவள் சபையில் உபவாசம் இருந்து, "ஆண்டவரே, அந்த எஞ்சினைக் கொண்டுவாரும்" என்று ஜெபித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். எந்த எஞ்சின் என்று பாஸ்டர் கேட்கவில்லையாம். எங்கள் வீட்டில் இருந்து வருகிற ஜெபங்களை அவர் கேட்பதை விட்டுவிட்டிருந்தார்.

ஒரு முகத்தைப் படம் எடுப்பது லேசு. இரண்டு முகமும் ஒரு படத்தில் விழவேண்டுமென்றால், எஞ்சின் பெட்டிகளைக் கழற்றிவிட்டுத் தனியாக, பக்கவாட்டில் எங்களைக் கடந்து, பெட்டிகளின் மற்ற நுனியில் போய் மாட்டவேண்டும். அந்தக் கொஞ்ச நேரம்தான். அந்த நேரம் பார்த்து நடுவில் ஒரு இன்டர்சிட்டிப் பயணிகள் றெயில் வந்து நிற்கும். பிள்ளைகளும் சைக்கிளும் இறங்கி முடிய, எஞ்சின் மறுபக்கம் போய் ஒரு மூக்கை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கும். ஒருமுறை எல்லாம் சரியாக வந்தது; நான் கமரா மூடியைக் கழற்ற மறந்துபோனேன். சீவரத்தினம் வீடு வரும்வரை மூடியைத் தன் கையில் வைத்துக்கொண்டு வந்தான்.

சித்திரையில் இன்னொரு அழைப்பு வந்தது. றஜனி, "இருக்கிறம்" என்றாள். அவ்வளவுதான். பிறகு பிள்ளை.

"றெயில் அப்பு, படம் எடுத்தாச்சோ?"

"இன்னும் இல்லை மோளை."

"அப்ப பொய்" என்று சிரித்தாள். பின்னால் யாரோ கத்தினார்கள். லைன் போய்விட்டது.

சீவரத்தினம் அதன்பிறகு ஞாயிறு மட்டும் வரவில்லை; எந்த நாளும் வந்தான். வீட்டில் இருந்தால் டிவி. டிவியில் கடற்கரை, புகை, வரைபடத்தில் சிறுத்துச் சிறுத்து ஒரு நகம் அளவாகிப்போன நிலம். பிளாட்போமில் நின்றால் அடுத்த றெயில் என்ன என்று மட்டும் யோசிக்கலாம். பாதுகாப்பு வலயம் என்று ஆமிக்காரர் சொன்ன இடத்துக்குள்தான் றஜனியும் பிள்ளையும் இருந்தார்கள். நான் அவனுக்குப் பொய்களாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ப்ரெபன் ஒருமுறை எஞ்சின் வரும் என்று காத்திருந்தபோது தாடிக்குள் ஒரு குருவி கூடு கட்டிக் குஞ்சும் பொரித்தது என்றேன். சீவரத்தினம் ப்ரெபனின் தாடியைக் கவனமாகப் பார்த்தான். "பாவம், குஞ்சுகள் எங்கை போச்சுதுகளோ" என்றான்.

மே மாதம், எங்கள் வைகாசி, நான்காம் தேதி. ப்ரெபன் எங்களிடம், "இன்று பின்னேரம் ஜன்னலில் மெழுகுதிரி வையுங்கள்" என்றார். ஏன் என்று கேட்டான் சீவரத்தினம். ஜெர்மன்காரன் போன நாள் என்றார் ப்ரெபன். அவர் அப்போது சின்னப் பையன். ரேடியோவில் போர் முடிந்தது என்று சொன்னதும் தாய், ஜன்னலை மூடியிருந்த கறுப்புத் துணியைக் கிழித்தெறிந்துவிட்டு மெழுகுதிரி கொளுத்தினாளாம். "போர் முடிந்தது. ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள்" என்றார். அவர் டெனிஷில் சொன்ன அந்த இரண்டு வசனத்தையும் சீவரத்தினம் பாடமாக்குகிற பிள்ளைபோல் மெல்லத் திரும்பச் சொன்னான்.

அப்போதுதான் அது வந்தது. பெட்டிகளைக் கழற்றிவிட்டு, தனியாக, கறுப்பும் சிவப்புமாக, பக்கவாட்டில். நடுவில் ஒரு றெயிலும் இல்லை. வெயில் எங்கள் முதுகுப் பக்கம். மூடியைக் கழற்றியிருந்தேன். எடுத்தேன். சீவரத்தினம் இரண்டு கையையும் தலைக்குமேல் குவித்துக் கும்பிட்டான். எஞ்சின் ஓட்டுகிறவன் என்ன நினைத்தானோ, தன் தொப்பியைத் தொட்டுவிட்டு ஹோர்ன் அடித்தான்.

படத்தைக் கழுவினால், இரண்டு முகமும் வெட்டாமல் விழுந்திருந்தன. சீவரத்தினம் அதைக் கதவளவு பெரிதாக்கினான் என்று சொன்னால் தவமணி சண்டைக்கு வருவாள். மேசையளவு. சட்டம் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில், சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான். பிள்ளை முதலில் பார்க்கவேண்டுமாம்.

இரண்டு கிழமை போன் அடிக்கவில்லை. பிறகு டிவியில் சொன்னார்கள், எல்லாம் முடிந்ததென்று. கொழும்பில் வெடி கொளுத்தினார்கள். எங்கள் ஆட்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போன் எடுத்து ஒன்றும் பேசாமல் வைத்தார்கள். தவமணி முழங்காலில் இருந்தவள் எழும்பவில்லை.

மறுநாள் காலையில் சீவரத்தினம் தலைமுழுகி, திருநீறு பூசி, வேட்டிக்குமேல் மாரிகாலக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். கையில் சட்டம்.

"ஹேர்னிங்குக்குப் போறன் அண்ணை. வாறியளோ?"

"ஏன்ராப்பா?"

"சண்டை முடிஞ்சுதெல்லோ. முடிஞ்சால் ஆக்கள் வீட்டை வருவினம்தானே. ப்ரெபன் சொன்னவர்."

"போன் வரட்டும் சீவரத்தினம். பிள்ளையின்ரை குரலைக் கேட்டாப் பிறகு போவம்."

"பிள்ளையாரைக் காக்க வைக்கிறதோ? நீங்கள் வேதக்காரர், சபை ஆக்கள், உங்களுக்கு விளங்காது."

எத்தனையோ பேருக்கு எத்தனையோ சொல்லியிருக்கிறேன். அவனை அன்றைக்கு நிறுத்த ஒரு பொய் வரவில்லை. கூடப் போனேன். ஐயர் படத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு யார் பெயருக்கு என்று கேட்டார். "புகழினி. ரேவதி நட்சத்திரம்" என்றான். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. நல்ல சகுனம் என்று ஒரு பெண் சொன்னாள். பிள்ளை வரும்வரை படத்தைச் சன்னிதியிலேயே விட்டான். வரும் வழியில் பஸ்ஸில் அவன் நித்திரையானான். மாசிக்குப் பிறகு அவன் நித்திரை கொண்டதை நான் பார்த்தது அன்றுதான்.

இரண்டு நாள் கழித்து ப்ரெபன் அவனுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்கள் போரும் முடிந்ததாமே, பேப்பரில் பார்த்தேன். மெழுகுதிரி கொளுத்தினீர்களா?" நல்ல மனிதர். சீவரத்தினம் ஓம் என்று தலையாட்டி, "ஜா, ஜா" என்றான்.

றஜனி எடுத்தபோது ஆனி பிறந்துவிட்டது. முகாமில் இருந்து, யாரோ ஒளித்து வைத்திருந்த கைத்தொலைபேசியில். தகப்பனுக்கு எடுக்கவில்லை. எனக்கு எடுத்தாள்.

"அங்கிள், பக்கத்திலை அப்பா நிக்கிறாரோ?"

"இல்லைப் பிள்ளை."

"அப்ப கேளுங்கோ" என்று, விலாசம் சொல்வதுபோல் சொன்னாள். பிள்ளை போனது, சனம் கடலேரியைக் கடந்து வெளிக்கிட முன்பே. பங்கருக்குள் இருந்த மற்றப் பிள்ளைகளுக்குப் புகழினி அந்த எஞ்சின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். "எங்களிட்டைப் பொய் எண்டுதான் சொல்லுவாள் அங்கிள். அதுகளிட்டைத் தான் கண்டதெண்டு சொன்னவள்." அங்கேயே கடற்கரை மணலில் ஒரு குழி. மேலே அடையாளம் ஒன்றும் வைக்க நேரமில்லை.

பிறகு, "அப்பாவுக்கு நீங்கள் சொல்லுங்கோ. உங்களுக்குத்தான் கதைக்கத் தெரியும்" என்றாள்.

கீழே இறங்கிப் போனேன். சீவரத்தினம் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். ஆகவே கண்ணீர் முதலே இருந்தது.

"சாப்பிட்டியோ?"

"இனித்தான் சமைக்கப்போறன். ஏன்?"

"சமை. சாப்பிட்டிட்டுக் கதைப்பம்."

கத்தி நின்றது. எங்கள் ஆட்களிடம் அப்படிச் சொன்னால் அதன்பிறகு சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அது தெரிந்தும் என் வாயில் அதுதான் வந்தது.

"றஜனியோ, பிள்ளையோ?"

"றஜனி முகாமிலை இருக்கிறாள். கதைச்சவள்."

அவன் வெங்காயத்தைப் பார்த்தான். அடுப்பைப் பார்த்தான். பிறகு என் முகத்துக்கு நேரே வந்து நின்றான்.

"அண்ணை. ஒரு பொய் சொல்லுங்கோ."

நான் வாயைத் திறந்தேன்.

"பண்டி கதைச்சதெண்டு சொன்னியள். நான் நம்பினனான். குருவி கூடு கட்டினதெண்டு சொன்னியள். நம்பினனான். இப்ப ஒண்டு சொல்லுங்கோ, நம்புறன். சின்னதா ஒண்டு. ஆசுப்பத்திரியிலை இருக்கிறாள் எண்டு சொல்லுங்கோ. ஆரோ கூட்டிக்கொண்டு போட்டினம் எண்டு சொல்லுங்கோ."

ஒன்றும் வரவில்லை. தவமணி சபையில் கேட்டுத் திரிந்த பாதி எது என்று அன்றைக்குத் தெரிந்தது. அதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை.

அழுத நாட்களைப் பற்றி எழுதவில்லை. அது எல்லா வீட்டிலும் நடந்தது.

பிறகு ஒரு நாள் அவன் மேலே வந்து, கதிரையில் இருக்காமல், நின்றபடியே சொன்னான்.

"நான்தான் அண்ணை பிழை விட்டனான். வந்தாப் பிறகெல்லோ நேர்த்தி செய்யவேணும். நான் முன்னுக்கே செய்துபோட்டன். செய்தாச்சுத்தானே எண்டு அவர் விட்டிட்டார்."

"விசர்க்கதை கதையாதை. நீ தேங்காய் உடைக்க முதலே பிள்ளை போட்டுது. றஜனி சொன்னவள்."

"சாமிக்கு முதலென்ன பிறகென்ன. அவருக்கு நான் செய்வன் எண்டு தெரியும்தானே."

இதற்குத் தவமணியாலேயே பதில் சொல்ல முடியவில்லை. அவளுடைய ஆண்டவருக்கும் எல்லாம் முன்னமே தெரியும்.

அவன் ஹேர்னிங்குக்குப் போய்ப் படத்தைத் திருப்பிக் கேட்டான். கொடுத்த பொருளைக் கேட்கிற வழக்கம் இல்லை என்று ஐயர் சொல்லிப் பார்த்தார். அவன் படியிலேயே இருந்தான். பின்னேரப் பூசை முடிந்ததும் ஐயர் உள்ளே போய்ப் படத்தை எடுத்துவந்து, துணியால் துடைத்து, அவன் மடியில் வைத்தார். அதை என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை. நெகட்டிவையும் கேட்டான். கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து நின்றான்.

"வாங்கோ அண்ணை, போவம்."

"எங்கை?"

"பிரடெரிசியாவுக்கு. கமராவையும் எடுங்கோ."

போனோம். ப்ரெபன் கோப்பி ஊற்றித் தந்தார். மத்தியானத்துக்குப் பிறகு எஞ்சின் வந்தது. பெட்டிகளைக் கழற்றியது. தனியாக, பக்கவாட்டில், முதல்முறை வந்ததைவிட வடிவாக வந்தது. அவ்வளவு காலமும் குறுக்கே வந்து நின்ற இன்டர்சிட்டிகளெல்லாம் அன்றைக்கு எங்கேயோ போய்விட்டன. ப்ரெபன் தன் கமராவைத் தூக்கினார். பழக்கத்தில் நானும் தூக்கினேன்.

சீவரத்தினம் கையை நீட்டி என் லென்ஸைப் பொத்தினான். வெங்காய மணம் அடித்தது.

"எடுக்காதேங்கோ."

"பிறகேன்ராப்பா வந்தனாங்கள்?"

"படம் எடுக்கத்தான் வந்தனாங்கள். எடுக்கேல்லை, அவ்வளவுதான். நேர்த்தி முடியாமல் கிடந்தால் பிள்ளையார் பிள்ளையை மறக்க ஏலாது."

எஞ்சின் எங்களைக் கடந்தது. முன்முகம் போனது. பின்முகம் எங்களைப் பார்த்தபடி, பின்னுக்கு என்ன வருகிறது என்று பார்த்தபடி, சிக்னலுக்கு அப்பால் போய்ச் சிறுத்தது. அவன் கையை எடுக்கவில்லை.

"ஏன் எடுக்கவில்லை? இப்படி ஒரு வெளிச்சம் இனி எப்போது வரும்?" என்று ப்ரெபன் பதறினார்.

"பிலிம் முடிந்துவிட்டது" என்றேன்.

அடுத்த ஞாயிறும் போனோம். அதற்கு அடுத்ததும் போனோம். ப்ரெபன் ஒருநாள் தன் பையில் இருந்து இரண்டு புதுப் பிலிம் சுருள் எடுத்து எனக்குத் தந்தார். வாங்கி, நன்றி சொல்லி, சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். சீவரத்தினம் நேரத்தைப் பார்த்தான். எஞ்சின் வருகிற நேரம்.

வீட்டுக்கு வந்தால் தவமணி சோற்றைப் போட்டுவைத்துவிட்டு, "இண்டைக்காவது வந்ததோ?" என்று கேட்பாள்.

"வரேல்லை" என்பேன்.

அவள் ஓம் என்று தலையாட்டிவிட்டு, சீவரத்தினத்தின் சோற்றுக் கோப்பையிலும் கறியை ஊற்றுவாள்.